முஸீபத்துக்குப் பின் வரும் வலி



பெரும் முஸீபத்து ஒன்று நேரும்போது நாம் இறந்தோரை எண்ணுகிறோம். இடிந்த வீடுகளை எண்ணுகிறோம். உயிர் பிழைத்தவரைக் கண்டு, 'அல்ஹம்துலில்லாஹ்' என்று கூறி ஆறுதல் அடைகிறோம். ஆனால் அவருடைய இடுப்பும் தோளும் முழங்காலும் அதன்பின் ஆண்டுக்கணக்கில் வலித்துக்கொண்டிருந்தால், அதை நாம் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. அந்த வலியைக் குறித்தே உங்களோடு பேச விழைகிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த சுனாமி, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. வீடிழந்த பலர் தார் அட்டைக் கொட்டகைகளில் வெக்கையிலும் மழையிலும் நெடுநாள் ஒண்டியிருந்தனர். அக்கரையில் வாழ்ந்து, மகனையும் பேரனையும் ஒருசேர இழந்த மூதாட்டி ஒருவரை நான் அறிவேன். நீர் அடித்துச் சென்றபோது பட்ட காயங்கள் சில வாரங்களில் ஆறிவிட்டன. இடுப்பு வலியோ, கொட்டகைக்குச் சென்ற பிறகுதான் தொடங்கியது. படம் எடுத்துப் பார்த்ததில் எலும்பில் குறை ஒன்றும் தென்படவில்லை. 'வேலைக்கு அஞ்சிச் சொல்லும் சாக்கு' என்று வீட்டிலேயே பேச்செழுந்தது. அதன்பின் அவர் வலியைப் பற்றி வாய் திறப்பதை நிறுத்தினார். கலியாண வீடுகளுக்குச் செல்வதையும் நிறுத்தினார்.

ஒருநாள் என்னிடம் அவர் சொன்னது இதுதான்: "தண்ணி அன்னைக்கே வடிஞ்சு போச்சு ஹஜ்ரத். இந்த வலிதான் வடியல. நெத்தி தரையிலே பட ஸஜ்தா செய்ய முடியல. அல்லாஹ் என் தொழுகையை வேண்டாம்னுட்டானோ?"

மூல நோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழ இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் விலாப்புறம் சாய்ந்தும் தொழுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தேன். அவருடைய முகம் தெளிந்தது. மார்க்கம் அவரை ஒருபோதும் சந்தேகிக்கவில்லை. சந்தேகித்தவர்கள் மனிதர்களே.

அந்தச் சந்தேகம் தவறு என்பதற்கு மருத்துவ உலகிலும் சான்று உண்டு. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரையை நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. இறந்தோரும் காணாமற்போனோருமாக 18,000-க்கும் மேற்பட்டவர்களை அந்நாடு இழந்தது. பிழைத்தவர்களில் பலர் தற்காலிக வீடுகளில் ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்தனர். செண்டாய் நகரிலுள்ள தோஹோகு பல்கலைக்கழக மருத்துவர்கள் இம்மக்களின் உடல்நிலையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். உறக்கம் கெட்டவர்களிடம் இடுப்பு வலி புதிதாகத் தோன்றுவதும், ஏற்கெனவே இருந்த வலி நீடிப்பதும் மிகுதி என்று அவர்கள் கண்டனர்.

இதன் காரணம் விளங்காததன்று. கடலும் வயலும் பறிபோனபின் கைகால்களுக்கு வேலையில்லை. குறுகிய அறையில் முடங்கிய உடலின் தசைகள் வலுவிழக்கின்றன. துயரமும் கடன் கவலையும் தூக்கத்தைப் பறிக்கின்றன. தூக்கமற்ற உடலில் நரம்புகள் சிறு வலியையும் பெரிதாக உணர்த்துகின்றன. வலி மீண்டும் தூக்கத்தைக் கெடுக்கிறது. படத்தில் தெரியாததால் அது பொய்யாகிவிடுமா?

இத்தகையவர் உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் அவர் சொல்வதை நம்புங்கள். கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல், காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை இருந்தால் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இல்லையெனில், 'அசையாமல் படுத்திருங்கள்' என்று அன்பின் பெயரால் முடக்கிவிடாதீர்கள். நாள்தோறும் சிறிது தூரம் அவரோடு நடங்கள். இயன்ற சிறு வேலைகளை அவர் கையில் கொடுங்கள். உடற்பயிற்சி மருத்துவரின் வழிகாட்டுதல் கிடைத்தால் மிக நன்று. அவர் இரவில் உறங்குகிறாரா என்று கேளுங்கள்.

மூமின்கள் ஓர் உடலைப் போன்றவர்கள். ஓர் உறுப்பு நோவுற்றால் உடல் முழுவதும் உறக்கமிழந்து காய்ச்சலுறும் என்பது நபிமொழியின் கருத்து. நம் ஊர் ஜமாஅத்துகள் பேரிடர் நாளில் சோறு சமைத்துப் பசியாற்றுகின்றன, மையித்துகளை அடக்குகின்றன. அந்த நற்பணி நாற்பது நாளோடு நின்றுவிடலாகாது. இரண்டு ஆண்டுகள் கழித்தும் அதே வீடுகளின் கதவைத் தட்டி, "இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். கடன் சுமை இருந்தால் பைத்துல்மால் மூலம் அதைக் குறைக்க வேண்டும். தொழில் தொடங்கக் கைகொடுக்க வேண்டும். இதுவும் மருந்தே.

பிழைத்தவர் தம் வலியைத் தனியே சுமக்க விடாத சமுதாயமாக நம்மை வல்ல நாயன் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.