பத்து வயதுக்கு மரம்... எழுபது வயதுக்கு நாற்காலி! - கிண்டியில் ஒரு யோகா உலா

கிண்டி என்றதும் ஆளுக்கு ஒன்று ஞாபகம் வரும். பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகளுக்குப் பாம்புப் பண்ணை. பொறியியல் கனவில் இருப்பவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம். தினமும் வேலைக்கு ஓடுகிறவர்களுக்குத் தொழிற்பேட்டை. வெளியூர்க்காரர்களுக்கு கத்திப்பாரா பாலம். சமீப காலமாக, வயதான பெற்றோரை அழைத்து வருகிறவர்களுக்கு முதியோர் மருத்துவமனை.

யோசித்துப் பார்த்தால், மனித வாழ்க்கையின் எல்லாப் பருவங்களுக்கும் கிண்டியில் ஓர் இடம் இருக்கிறது. 'எந்த வயதுக்கு எந்த யோகா?' என்ற கேள்வியோடு சுற்றி வருவதற்கு இதைவிடப் பொருத்தமான ஏரியா கிடைப்பது கஷ்டம்.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம்? அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் 'மொட்டை மாடியில் காலை 6 மணிக்கு யோகா கிளாஸ், அனைவரும் வரலாம்' என்று மெசேஜ் வரும். பேத்தி, அம்மா, பாட்டி மூவரும் ஒரே வரிசையில் பாய் விரிப்பார்கள். மூவருக்கும் ஒரே சூரிய நமஸ்காரம். பேத்திக்குப் பத்தாவது நிமிடத்தில் போரடிக்கும். அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். பாட்டியோ, 'இதெல்லாம் நமக்கு ஒத்துவராதும்மா' என்று மறுநாளே நின்றுவிடுவார். மூவரில் யோகா அதிகம் தேவைப்படுவது அந்தப் பாட்டிக்குத்தான் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

பாம்புப் பண்ணைக்குப் பக்கத்தில் புஜங்காசனம்

உலாவை சர்தார் படேல் சாலையில் ஆரம்பிக்கலாம். ஒரு பக்கம் முழுக்க மரங்கள். 1978-ல் அறிவிக்கப்பட்ட கிண்டி தேசியப் பூங்கா இது. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். இந்தியாவின் மிகச்சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. மாநகரத்துக்கு நடுவே புள்ளிமானும் வெளிமானும் மேய்கிற இடம். இதை ஒட்டியே சிறுவர் பூங்கா, அதன் பக்கத்தில் 1972 முதல் இங்கே இயங்கும் பாம்புப் பண்ணை.

குழந்தைகளுக்கு யோகா சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வகுப்பறை இல்லை. ஆசனப் பெயர்களில் பாதி விலங்குகளும் மரங்களும்தான். பாம்பு தலையைத் தூக்குவதைப் பார்த்த பிள்ளைக்குப் புஜங்காசனத்தை விளக்க வேண்டியதில்லை. ஆமை, முதலை, மயில், ஒட்டகம் என்று சொன்னால் அவர்களே உடம்பை வளைத்துக் காட்டுவார்கள். ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம் அவர்களுக்கு 'யார் ரொம்ப நேரம் நிற்கிறாங்க' விளையாட்டு.

அதனால் சிறுவர் வகுப்பு 20, 30 நிமிடங்களைத் தாண்டக் கூடாது. ஓர் ஆசனத்திலேயே நீண்ட நேரம் நிறுத்தி வைப்பதும், மூச்சை அடக்கச் சொல்வதும் வேண்டாம். வளையும் பிள்ளையை மேலும் வளைத்து மேடையேற்றும் ஆசை பெற்றோருக்கு வருவது இயல்பு. வளரும் மூட்டுகளுக்கு அந்த அவசரம் நல்லதல்ல. இன்னொன்று, 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடங்கள் உடல் அசைவு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓடுவதும் குதிப்பதும் அதில் அடக்கம். யோகா கிளாஸில் சேர்த்துவிட்டதற்காக விளையாட்டை நிறுத்திவிட வேண்டாம்.

செமஸ்டர் டென்ஷனும் செல்போன் கழுத்தும்

அதே சாலையில் கொஞ்சம் நடந்தால் அண்ணா பல்கலைக்கழகம். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி இதற்குள்தான் இருக்கிறது. எதிரே 1959-ல் உருவான ஐ.ஐ.டி. வளாகம்.

இந்த வயதில் உடம்பு எதையும் தாங்கும். வேகமான சூரிய நமஸ்காரம், கைகளால் உடலைத் தாங்கும் ஆசனங்கள், தலைகீழ் ஆசனங்கள் என எல்லாவற்றையும் நல்ல ஆசிரியரிடம் கற்றுக்கொள்ள ஏற்ற பருவம். யூடியூப் பார்த்து சிரசாசனம் போடுவது மட்டும் வேண்டாம். கழுத்தில் எடை இறங்கினால் அதைக் கவனித்துத் திருத்த திரைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

ஆனால், மாணவர்களின் நிஜமான பிரச்னை உடல் வலிமை அல்ல. குனிந்து செல்போன் பார்க்கும் கழுத்து, விடிய விடிய விழித்திருக்கும் கண்கள், தேர்வு பயம். இவர்களுக்கு 40 நிமிட ஆசனத்தைவிட அதன் கடைசியில் வரும் 10 நிமிட சவாசனமும், மூச்சை நிதானமாக நீட்டி வெளியே விடும் பயிற்சியும் அதிகம் கைகொடுக்கும். அவசரமாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

மெஷின் முன்னால் நிற்பவர், மானிட்டர் முன்னால் உட்கார்பவர்

ஆளுநர் மாளிகையைத் தாண்டி ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் போனால் காட்சி மாறுகிறது. 1958-ல் உருவான கிண்டி தொழிற்பேட்டை. லேத் பட்டறைகளும் சிறு தொழிற்கூடங்களும் இருக்கும் அதே தெருக்களில் ஒலிம்பியா டெக் பார்க் போன்ற கண்ணாடிக் கட்டடங்கள். ஒரே டீக்கடையில் இரண்டு விதமான உடம்புகள். ஒருவர் நாள் முழுக்க நிற்கிறார். இன்னொருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்.

இருவருக்கும் வயது 35 என்றாலும் யோகா வேறு. நிற்பவருக்குக் காலும் கீழ் முதுகும் கனக்கும். மாலையில் சுவரில் கால்களைச் சாய்த்து மேலே நீட்டிப் படுப்பது, முழங்காலை மார்போடு அணைப்பது போன்ற ஓய்வு தரும் ஆசனங்கள் அவருக்கு இதம். உட்கார்ந்தே இருப்பவருக்குத் தோள் முன்னால் சுருண்டு, இடுப்பு இறுகிப் போயிருக்கும். மார்பைத் திறக்கும் புஜங்காசனம், இடுப்பை உயர்த்தும் சேதுபந்தாசனம், நிமிர்ந்து நிற்கும் தாடாசனம் இவருக்கு வேண்டும்.

நேரம் இல்லை என்பதுதான் இந்த வயதின் பெரிய புகார். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. மென்மையான ஆசனங்கள் மட்டும் இந்தக் கணக்கை நிரப்பாது. வேகமான நடையும் வேண்டும். மெட்ரோவுக்கு நடக்கும் 10 நிமிடங்கள், காலையில் 15 நிமிட ஆசனம் என்று பிரித்துக்கொண்டால் பாரம் தெரியாது. வயிறு முட்டச் சாப்பிட்டால் மூன்று மணி நேரமாவது கழித்துத்தான் ஆசனம்.

அம்மாவாகும்போது...

பெண்களின் உடம்பு வாழ்நாளில் பல முறை மாறுகிறது. கர்ப்ப காலத்தில் மகப்பேறு மருத்துவர் அனுமதித்த பிறகே வகுப்பில் சேர வேண்டும். குப்புறப் படுக்கும் ஆசனங்கள், வயிற்றை இறுக்கித் திருகுபவை, மூச்சை அடக்குபவை, கபாலபாதி எதுவும் கூடாது. முதல் மூன்று மாதங்களுக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து படுப்பதையும் தவிர்ப்பார்கள். பிரசவம் முடிந்ததும் 'தொப்பை குறையணும்' என்று அவசரப்படாமல், சிசேரியனா சுகப்பிரசவமா என்பதைப் பொறுத்து மருத்துவர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு அடர்த்தி குறையத் தொடங்கும். அப்போது உடல் எடையைக் கால்கள் தாங்கும்படியான நின்று செய்யும் ஆசனங்களுக்கு மதிப்பு கூடுகிறது.

இந்த மூன்று பருவத்துப் பெண்களுக்கும் ஒரே பெயரில் 'லேடீஸ் பேட்ச்' நடத்தினால், யாரோ ஒருவருக்கு அது பொருந்தாமல்தான் போகும்.

கிங் வளாகம் சொல்லும் கதை

தொழிற்பேட்டைக்கு அருகில்தான் கிங் நோய்த்தடுப்பு மருந்து ஆராய்ச்சி நிலையம். 1899-ல் தொடங்கப்பட்டு, பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரித்த இடம். மனிதர்கள் கொள்ளை நோய்க்கு அநியாயமாகச் செத்துக்கொண்டிருந்த காலத்தில், அவர்களைக் காப்பாற்ற உருவான வளாகம். அதே வளாகத்தில் 2023 ஜூனில் 1,000 படுக்கைகளுடன் கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை திறக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை வந்தது. மக்கள் நீண்ட காலம் வாழத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கு இந்த வளாகமே சாட்சி.

நீண்ட காலம் வாழ்வது ஒன்று. விழாமல் வாழ்வது இன்னொன்று. வயதானவர்களுக்கு பாத்ரூமில் வழுக்கி விழும் ஒரு நொடி, இடுப்பு எலும்பு முறிவாகி, பல மாதப் படுக்கையாகி, நடமாட்டத்தையே பறித்துவிடக் கூடும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் தனியாகச் சொல்வது இதனால்தான்.

அதற்குத் தரையில் உட்கார வேண்டிய அவசியமே இல்லை. உறுதியான, சக்கரமில்லாத ஒரு நாற்காலி போதும். கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து உட்காருவது தொடைக்கு வலு. சுவரைப் பிடித்தபடி ஒரு பாதத்தைச் சற்றே தூக்கினால் அதுதான் தாத்தாவின் விருட்சாசனம். நாற்காலியில் அமர்ந்தே தோளையும் கணுக்காலையும் சுழற்றலாம். பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

சில தடைகளும் உண்டு. கண் நீர் அழுத்த நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தலைகீழ் ஆசனங்கள் கூடாது. எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் முதுகை வளைத்து ஆழமாக முன்னால் குனியக் கூடாது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள் வஜ்ராசனத்தில் அமர முயலக் கூடாது.

மைசூரில் வேகம், சென்னையில் நிதானம்

'ஆளுக்கேற்ற யோகா' என்பது இன்று நேற்று வந்த ஃபேஷன் இல்லை. கிண்டியிலிருந்து அடையாறு வழியாக மந்தைவெளி போனால், 1976-ல் தொடங்கப்பட்ட கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் இருக்கிறது. பொறியியல் படித்த டி.கே.வி.தேசிகாச்சார், தன் தந்தையும் குருவுமான திருமலை கிருஷ்ணமாச்சார்யாவின் பெயரில் தொடங்கியது. ஒருவருக்கு ஒருவர் என்று தனித்தனியாகச் சொல்லித்தருவதுதான் இந்த மரபின் அடையாளம்.

கிருஷ்ணமாச்சார்யாவின் வாழ்க்கையே இதற்குப் பாடம். 1930-களில் மைசூர் மகாராஜாவின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் அவர் கற்பித்தது பெரும்பாலும் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும். ஓர் ஆசனத்திலிருந்து அடுத்ததற்குத் துள்ளிப் பாயும் வேகமான முறை. பி.கே.எஸ்.அய்யங்கார், பட்டாபி ஜோயிஸ் போன்றவர்கள் அவரிடம் பயின்று உலகெங்கும் யோகாவைக் கொண்டுபோனவர்கள். 1950-களில் சென்னைக்கு வந்தார். பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒரு வழக்கறிஞருக்கு உதவ வந்தார் என்று சொல்வார்கள். இங்கே அவரிடம் வந்தவர்கள் நோயாளிகள், குடும்பஸ்தர்கள், வயதானவர்கள். அவர்களைத் துள்ளச் சொல்லவில்லை. மூச்சுக்கு ஏற்ற நிதானமான அசைவுகளாகப் பாடத்தையே மாற்றினார். ஆசிரியர் அவரேதான், ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த ஆள் மாறியபோது யோகாவும் மாறியது.

வளரும் பருவத்துக்கு சிருஷ்டி, குடும்பப் பொறுப்புள்ள நடுவயதுக்கு ஸ்திதி, முதுமைக்கு அந்தியம் என்று வாழ்க்கையை மூன்றாகப் பிரிக்கிறது அவர் வழி மரபு. முதல் பருவத்தில் ஆசனம், நடுவில் ஆரோக்கியத்தைக் காக்கும் பிராணாயாமம், பிறகு தியானமும் பிரார்த்தனையும் என முக்கியத்துவம் நகர்கிறது. 1989-ல் 100 வயதில் மறைந்த கிருஷ்ணமாச்சார்யா, 96 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தபோது படுக்கையிலேயே செய்யக்கூடிய பயிற்சிகளைத் தனக்குத்தானே வகுத்துக்கொண்டார் என்பார்கள்.

கிளாஸில் சேரும் முன்

2015 முதல் ஜூன் 21 சர்வதேச யோகா தினம். அன்று எல்லோரும் சேர்ந்து செய்யும் 45 நிமிடப் பொதுப் பயிற்சி ஓர் அறிமுகம். தினசரிப் பயிற்சி உங்கள் உடம்புக்கு ஏற்றதாக இருக்கட்டும். சேரும் முன் இவற்றைக் கவனியுங்கள்:

* உங்கள் வயது, வேலை, மாத்திரைகள், பழைய அறுவை சிகிச்சைகளை ஆசிரியர் கேட்டாரா?
* ஆசிரியர் எங்கே, எத்தனை காலம் படித்தார்? அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு அது. நோய் உள்ளவர்கள் அப்படிப் படித்த யோகா மருத்துவரின் ஆலோசனையைப் பெறலாம்.
* முடியாதவர்களுக்கு நாற்காலி, தலையணை, சுவர் என மாற்று வழி காட்டுகிறாரா?
* வலிக்கிறது என்றால் 'தாங்கிக்கோங்க' என்கிறாரா, 'நிறுத்துங்க' என்கிறாரா?
* சர்க்கரைக்கும் பி.பி.க்கும் 'மாத்திரையை விட்டுடுங்க' என்று சொன்னால், அங்கே சேரவே வேண்டாம்.

இவ்வளவும் கேட்டுவிட்டு ஒருவர் உங்களைச் சுலபமான மூன்றே ஆசனங்களோடு வீட்டுக்கு அனுப்பினால் ஏமாற்றம் அடையாதீர்கள். எதுவுமே கேட்காமல் முதல் நாளே 'பாயை விரிங்க, ஆரம்பிக்கலாம்' என்றால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.