தராசு இருந்த இடம்

எங்கள் லேபர் வார்டில் குழந்தைக்கு எடை போடும் தராசு வடக்குச் சுவரோரம் ஒரு மேசையில் இருந்தது. நான் பணியில் சேர்ந்த நாளிலும் அங்கேதான் இருந்தது. பிளக் பாயிண்ட் அந்தச் சுவரில் இருந்ததுதான் காரணம் என்பது பல வருடம் கழித்துத் தெரிந்தது. அதுவரை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

கீழ்த்தளத்தில் பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பராமரிப்புப் பிரிவான எஸ்என்சியுவிலிருந்து அடிக்கடி போன் வரும். "சிஸ்டர், நீங்க அனுப்பின பேபி சில்லுன்னு இருக்கு, 35.8." பச்சைக் குழந்தையின் உடல்வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். ஈரம் துடைக்காமல் குளிர்ந்த அறையில் விட்டுவிட்டால் முதல் 10, 20 நிமிடத்துக்குள் 2 முதல் 4 டிகிரி வரை இறங்கிவிடும். எடை குறைந்த குழந்தையானால் சர்க்கரை இறங்கும், மூச்சு திணறும். இதெல்லாம் நர்சிங் படிப்பிலேயே மனப்பாடம் செய்ததுதான். லேபர் ரூமில் 25 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பதும் தெரியும். தெரிந்தும் குழந்தைகள் குளிர்ந்துகொண்டிருந்தன.

மேலிடத்திலிருந்து மெமோ வந்தது, விளக்கம் கேட்டு. எழுதிக் கொடுத்தோம். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் கேஸ் ஷீட்டில் எல்லாக் குழந்தைக்கும் 36.6. தெர்மாமீட்டர் டிராயரிலேயே கிடந்தது. நைட் டூட்டியில் இரண்டே பேர் நின்று, ஒரு தாய்க்கு ரத்தப்போக்கு, இன்னொருத்தி முக்கிக்கொண்டிருக்கிறாள் என்றால், மெமோ வராத எண்ணைத்தான் கை எழுதும். இதை ஒப்புக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 36.6-ஐ எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

பிறகு எங்களில் சிலரை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பிரிவும் டெல்லி எய்ம்ஸும் சேர்ந்து உருவாக்கிய பாடம். வேலை நடக்கிற இடத்திலேயே, வேலை செய்கிறவர்களே தரத்தை உயர்த்துவது என்பதுதான் பொருள். நான்கு படி: ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக் குழுவைச் சேர், அளந்து காரணம் தேடு, சின்னதாக ஒரு மாற்றத்தைச் செய்து பார், பலித்தால் நிலைநிறுத்து. கேட்டபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வீட்டில் மிக்ஸி ரிப்பேரானால்கூட இப்படித்தானே பார்க்கிறோம் என்று பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொன்னேன்.

திரும்பி வந்து கூட்டம் போட்டோம். டாக்டர், ஹெட் நர்ஸ், நாங்கள் நாலு பேர். முதல் முடிவு, உண்மையான வெப்பத்தை எழுதுவது. குறைந்தால் யாருக்கும் மெமோ கிடையாது என்று சீஃப் வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டார். எண்கள் உடனே மோசமாயின. அதுவரை அளக்கவே இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். காரணம் தேடும்போதுதான் திணறினோம். துண்டு போதவில்லை, வார்மர் ரிப்பேர், ஆள் பற்றாக்குறை. எந்த ஆஸ்பத்திரியில் கேட்டாலும் கிடைக்கிற மூன்று பதில்.

மூன்றாவது கூட்டம் வார்டுக்குள்ளேயே நடந்தது. நாங்கள் எழுந்தால் தரையைத் துடைக்கலாம் என்று மாப்போடு காத்திருந்த அக்கா, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், சொன்னார்: "சிஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. வெளிய வந்ததும் புள்ளைங்க ஒரு தடவ அழுவுது. அந்தத் தராசுல வெக்கிறப்பதான் வீல்னு ரெண்டாவது தடவ கத்துது. ஏசி காத்து நேரா அங்கதான் விழுது. தட்டத் தொடைக்கிறப்ப என் கையே வெறைச்சுப் போவுது."

தட்டைத் தினமும் தொட்டது அவர் கை மட்டும்தான். நாங்கள் குழந்தையை வைப்போம், எண்ணைப் பார்ப்போம், எடுப்போம். எங்கள் கையில் கிளவுஸ் இருக்கும்.

மறுநாள் ஒரு ஷிப்ட், ஒரே ஒரு ஷிப்ட், தராசை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அந்த அக்காதான் எலக்ட்ரீஷியனிடம் வாங்கி வந்தார். ஆனால் இடத்தைவிட நேரம்தான் பெரிய சிக்கல். குழந்தையைத் தாயின் நெஞ்சில் ஒரு மணி நேரம் போட்டுவிட்டுப் பிறகு எடை பார்க்கலாமே, ஏன் அவசரம்? இரண்டு காரணம். வெளியே நிற்கிற பாட்டி, ஆணா பெண்ணா என்றதும் அடுத்துக் கேட்பது "எவ்வளவு எடை?" அடுத்தது பிரசவப் பதிவேடு. எடைக் கட்டம் காலியாக இருந்தால் டூட்டி ஒப்படைக்க முடியாது. ஒரு மணிக்குப் பிறக்கிற குழந்தையை ஒன்றேகாலுக்குள் எடை போட்டால்தான் பஸ்ஸைப் பிடிக்க முடியும். அடுத்த ஷிப்ட் சிஸ்டர் எடையை எழுதிக் கையெழுத்துப் போடலாம் என்று மேட்ரன் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். பாட்டிகளை அக்கா பார்த்துக்கொண்டார்: "அம்மா நெஞ்சுல சூடா கெடக்கு, எறங்கினதும் சொல்றேன்."

ஏசிதான் கடைசிவரை இழுபறி. 26-இல் வைத்தால் தையல் போடுகிற டாக்டருக்கு வேர்வை கண்ணில் இறங்குகிறது. அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. குழந்தையின் தலை தெரியும்போது ஏறட்டும், தாயின் நெஞ்சில் போட்டுத் துணி மூடியபின் இறங்கட்டும் என்று அவரே ஒரு வழி சொன்னார். ஏசி ரிமோட் டாக்டர் அறையிலிருந்து எங்கள் டிரேக்கு வந்தது. கீழ்த்தளத்துப் போன் மெல்ல மெல்லக் குறைந்தது.

அந்த ரிமோட்டை நினைக்கும்போதெல்லாம் பயிற்சியில் கேட்ட ஒரு கதை நினைவுக்கு வரும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் பிரொனோவோஸ்ட் என்ற டாக்டர், பெரிய ரத்தநாளத்தில் குழாய் செருகும்போது கிருமி தொற்றாமலிருக்க ஐந்தே வரியில் ஒரு பட்டியல் போட்டார். கை கழுவுவது முதல் வரி. மிச்சிகன் மாநிலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அதைப் பரப்பியதில் தொற்று வெகுவாகக் குறைந்தது; அந்த முடிவு 2006-இல் வெளியானது. எல்லோரும் பட்டியலைத்தான் பேசுகிறார்கள். டாக்டர் ஒரு வரியைத் தாண்டினால் நர்ஸ் நிறுத்தச் சொல்லலாம், நிர்வாகம் நர்ஸ் பக்கம் நிற்கும் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. என் கணக்கில் பாதி வேலையைச் செய்தது அதுதான்.

நம்மிடமும் பட்டியலுக்குக் குறைவில்லை. தேசியத் தர உறுதி நிர்ணயங்கள் 2013-இல் வந்தன, தூய்மைக்குக் காயகல்ப் 2015-இல், லேபர் ரூமுக்கென்றே லக்ஷ்யா 2017-இல். நல்ல திட்டங்கள்தான், லக்ஷ்யா வந்த பிறகு பிரசவ மேசைகளுக்கு நடுவே திரை வந்தது, தாயோடு துணைக்கு ஒருத்தி நிற்க முடிந்தது. ஆனால் மதிப்பீட்டாளர் வருகிற வாரம் நாங்கள் விடியவிடிய ரெஜிஸ்டர் எழுதியதும் உண்டு. அந்த இரவுகள் எங்களை மறுபடி 36.6 எழுதப் பழக்கின.

ஒப்பந்தம் வேறு ஏஜென்சிக்குக் கைமாறியபோது அக்காவை இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. புதிதாக வந்த பெண் முதல் வாரமே தராசைப் பழைய இடத்தில் வைத்தார். பிளக் பாயிண்ட் அங்கேதானே இருக்கிறது. நல்லவேளையாக மூன்றாம் நாளே ஒரு மாணவி நர்ஸ் கவனித்தாள். அதன்பிறகுதான் எதிர்ச்சுவரில் பிளக் பாயிண்ட் போட்டார்கள்.

சூப்பரின்டென்டன்ட்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தரக்குழுக் கூட்டத்துக்குத் தூய்மைப் பணியாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். உட்கார நாற்காலி கொடுங்கள். அந்த நேரத்தை டூட்டியில் சேர்த்து, ஏஜென்சிக்காரர் சம்பளம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.