கரித்தாளில் குடல் போட்ட கோடு

மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்களின் நகக்கண்ணில் ஒரு காலத்தில் கரி படிந்திருக்கும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நான் சந்தித்த பெரியவருக்கு இப்போது அந்தக் கரி இல்லை. ஒரு மருத்துவக் கல்லூரியில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர். "டிரம்முக்குப் புகை போடுறதுதான் தம்பி முதல் வேலை. கனமா படிஞ்சா நெம்புகோல் முள்ளு இழுத்துக்கும், லேசா படிஞ்சா கோடு தெரியாது" என்றார்.

உருளையில் வழவழப்பான தாளைச் சுற்றி, புகையும் சுடரின் மேல் சுழற்றிக் கருக்க வேண்டும். அடுத்தது குடல். பட்டினி போட்ட கினிப்பன்றியின் சிறுகுடல் கடைப்பகுதியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டு. உள்ளே கழுவி, இரு முனையிலும் நூல் கட்டி, டைரோடு கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் தொங்கவிட வேண்டும். உப்பும் குளுக்கோஸும் கலந்த அந்தக் கரைசல் 37 டிகிரி சூட்டில் இருக்கும். அடியிலிருந்து காற்றுக்குமிழி வந்துகொண்டே இருக்கும். முடிச்சு குடலின் வாயை அடைத்துவிடக் கூடாது. ஐயா ஒரு நூலை எடுத்து எனக்குக் கட்டிக் காட்டினார். ஊசி குத்தும் இடம் ஒரு ஓரம்தான். "கரண்ட் போச்சுன்னா தண்ணி ஆறிடும், குடல் படுத்துக்கும். மறுபடியும் சூடேத்தி, கழுவி, காத்திருக்கணும். புள்ளைங்களுக்குப் பொறுமை இருக்காது."

மருந்துத் துளி விழுந்ததும் குடல் சுருங்கும், மேல் நூலோடு கட்டிய நெம்புகோலின் முள் ஏறும், கரித்தாளில் வெள்ளைக் கோடு எழும்பும். எல்லாம் முடிந்தபின் தாளை அரக்கு வார்னிஷில் நனைத்துக் கொடியில் துணிபோல உலர்த்துவார்கள்.

இந்தக் கோட்டில் என்ன இருக்கிறது? அசிட்டைல்கோலினும் குடலைச் சுருக்கும், ஹிஸ்டமினும் சுருக்கும். கோட்டைப் பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம். முதலில் அட்ரோபின் விட்டால் அசிட்டைல்கோலின் வேலை செய்யாது, ஹிஸ்டமின் செய்யும். மெபிரமின் விட்டால் நேர்மாறு. ஒவ்வொன்றுக்கும் அது போய்ப் பற்றிக்கொள்ளும் தனித்தனி ஏற்பி இருக்கிறது என்பதைக் கண்ணால் காண முடியாத காலத்தில், கையால் காட்டிய சோதனை இது.

1931இல் லண்டனில் ஹென்றி டேலின் ஆய்வுக்கூடத்தில் ஃபான் ஆய்லர், கேடம் என்ற இரு ஆய்வாளர்கள் செய்ததும் இதே வேலைதான். குதிரையின் மூளையிலும் குடலிலும் இருந்து எடுத்த சாறு முயல் குடலைச் சுருக்கியது. அட்ரோபின் விட்டார்கள், அப்போதும் சுருங்கியது. அப்படியானால் அது அசிட்டைல்கோலின் இல்லை, வேறு யாரோ. அந்த 'யாரோ'வுக்கு சப்ஸ்டன்ஸ் பி என்று பெயர். 11 அமினோ அமிலங்கள் கோத்த நியூரோபெப்டைடு அது என்று தெரியவர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. அதன் ஏற்பியை அடைக்கும் அப்ரெபிடன்ட் 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கீமோ எடுப்பவர்களின் வாந்தியைத் தடுக்க இன்று புற்றுநோய் வார்டுகளில் கொடுப்பது அதைத்தான்.

1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் மூளையே சுரக்கும் மார்ஃபின் போன்ற பொருளைப் பிடித்ததிலும் கினிப்பன்றிக் குடலுக்குப் பங்குண்டு. மின்சாரம் பாய்ச்சித் துடிக்கவைத்த திசுவின் துடிப்பைப் பன்றி மூளைச் சாறு, மார்ஃபினைப் போலவே அடக்கியது; மார்ஃபினைத் தடுக்கும் நலாக்ஸோன் விட்டதும் துடிப்பு திரும்பியது. அதுதான் என்கெஃபலின். ஐந்தே அமினோ அமிலங்கள்.

புதுச்சேரிக்கு இந்தக் கலையில் தனி இடம் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசான ஜிப்மரில் பேராசிரியராக இருந்த எம்.என்.கோஷ் எழுதிய பரிசோதனை மருந்தியல் நூல்தான் இந்தியக் கல்லூரி லேப்களில் பல தலைமுறைக்குக் கையேடு. வேடிக்கை என்னவென்றால், விலங்கு இல்லாமலே இச்சோதனைகளைக் கணினியில் நடத்தும் 'எக்ஸ்ஃபார்ம்' மென்பொருளை உருவாக்கிய ஆர்.ரவீந்திரனும் அதே ஜிப்மர்க்காரர்தான். 2019இன் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டமும் கணினி வழியையே ஏற்றுக்கொண்டது.

நகரத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில் அந்தக் கணினி வகுப்பையும் எட்டிப் பார்த்தேன். மாணவி ஒருவர் பொத்தானை அழுத்தினார், திரையில் குடல் சுருங்கியது. அங்கே கரண்ட் போய்க் கரைசல் ஆறுவதில்லை, முடிச்சு இறுகுவதில்லை. மூலையில் பழைய உருளை ஒன்று உறை போட்டு நின்றது. "இது என்னன்னு தெரியுமா?" என்று கேட்டேன். "பழைய பிரிண்டரா சார்?" என்றார்.

அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். நாளை மாத்திரை எழுதப் போகிற மாணவருக்காக ஒரு கினிப்பன்றி சாக வேண்டியதில்லை. கணினி வந்தது நல்லதுதான். ஆனால் திரைக்குள் இருப்பது ஏற்கெனவே தெரிந்த விடை மட்டும். அட்ரோபினுக்கு மசியாத சாற்றை எந்த மென்பொருளும் தானாகக் காட்டியிருக்காது, அப்படி ஒன்று உண்டென்று யாரும் அதற்குச் சொல்லிவைக்கவில்லையே! புதிய பெப்டைடைத் தேடப் போகிறவருக்கு உயிருள்ள திசுவைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். அது புத்தகத்தில் அரையும் கையில் அரையுமாக இருக்கிற வித்தை.

மருந்தியல் எம்.டி. நடத்தும் கல்லூரிகள் ஒன்று செய்யலாம். ஓய்வுபெற்ற டெக்னீஷியன்கள் கை நடுங்காமல் இருக்கும்போதே, உரிய சம்பளம் கொடுத்து அவர்களை அழைத்து, முதுநிலை மாணவர்களுக்குச் சொல்லித்தரச் செய்யுங்கள்.