ஒன்றுக்கு ஐந்நூறு போட்டவர் யார்?

1981 ஜூலை 18, சனிக்கிழமை. லீட்ஸ் நகரின் ஹெடிங்லி மைதானத்தில் டெஸ்ட் ஆட்டத்தின் மூன்றாம் நாள். ஆஸ்திரேலியா 401 ரன் குவித்திருந்தது. இங்கிலாந்து 174-க்குச் சுருண்டு, ஃபாலோ ஆன் வாங்கி, மறுபடியும் தடுமாறிக்கொண்டிருந்தது. மைதானத்தின் மின்பலகையில் லாட்புரோக்ஸ் நிறுவனத்தின் பந்தய விலைகள் ஒளிர்ந்தன: இங்கிலாந்து வென்றால் 500-1, டிரா 5-2, ஆஸ்திரேலியா 1-4.

அதன் பிறகு நடந்தது கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரிந்த கதை. ஆஸ்திரேலிய வீரர்களான டென்னிஸ் லில்லி 10 பவுண்டும் ராட் மார்ஷ் 5 பவுண்டும் எதிரணியான இங்கிலாந்து மேல் கட்டினார்கள். அணியின் பஸ் டிரைவர்தான் போய்க் கட்டிவிட்டு வந்தார். இங்கிலாந்தின் போத்தம் ஆட்டமிழக்காமல் 149. கடைசி இன்னிங்ஸில் 130 எடுத்தால் வெற்றி என்ற நிலையில், பாப் வில்லிஸ் 43 ரன்னுக்கு 8 விக்கெட் சாய்க்க, ஆஸ்திரேலியா 111-க்கு ஆட்டமிழந்தது. லில்லிக்கு 5,000 பவுண்டு, மார்ஷுக்கு 2,500. இன்றைய விதிகளின்படி தன் ஆட்டத்தின் மீது பணம் கட்டும் வீரருக்குத் தடை நிச்சயம்.

என் தேடல் வீரர்களைப் பற்றியது அல்ல, அந்த எண்ணைப் பற்றியது. 500 என்று முடிவு செய்தது யார்? பந்தயச் சொற்களைப் புதிதாகத் தெரிந்துகொள்ள வருகிறவரிடம் எல்லாரும் ஒரு சொற்பட்டியலை நீட்டுகிறார்கள். விலையைப் போடுவது யார், அதில் அவர் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் அந்தப் பட்டியலில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

500-ஐப் போட்டவர் காட்ஃப்ரி எவன்ஸ். இங்கிலாந்தின் முன்னாள் விக்கெட் கீப்பர். ஓய்வுக்குப் பின் லாட்புரோக்ஸின் கிரிக்கெட் ஆலோசகர். ஃபாலோ ஆன் வாங்கிய அணி டெஸ்டில் வென்றது அதுவரை ஒரே ஒரு முறை, 1894-ல் சிட்னியில். அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு ஓர் அனுபவசாலி மனக்கணக்கில் வைத்த விலை அது.

மற்ற இரண்டு விலைகளையும் படித்தால்தான் முழுப் படம் கிடைக்கும். 5-2 என்றால் 2 பவுண்டு கட்டியவருக்கு 5 பவுண்டு லாபம். கட்டிய 2-ம் திரும்ப வரும், ஆக 7. இதையே தசமத்தில் 3.50 என்று எழுதுவார்கள், கட்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும் கைக்கு வரும் மொத்தத் தொகை. 1-4 என்றால் 4 கட்டினால்தான் 1 லாபம், தசமத்தில் 1.25. வெல்லும் என்று ஊரே நம்பும் பக்கத்துக்குத்தான் இந்த மாதிரி விலை. அதுதான் ஃபேவரிட்.

இனி 100-ஐ ஒவ்வொரு தசம விலையாலும் வகுக்க வேண்டும். ஆஸ்திரேலியா 80 சதவீதம், டிரா 28.57, இங்கிலாந்து 0.20. கூட்டினால் 108.77 வருகிறது. மூன்றில் ஒன்று நடந்தே தீர வேண்டிய ஆட்டத்தில் மொத்த வாய்ப்பு நூறைத் தாண்ட முடியாது. மிச்சமுள்ள 8.77, விலை போட்டுப் பணம் வாங்கும் புக்மேக்கரின், அதாவது புக்கியின், பங்கு. ஓவர்ரவுண்ட் என்பது இதுதான். பணம் மூன்று பக்கமும் இதே விகிதத்தில் வந்து சேர்ந்தால், 108.77 பவுண்டு வாங்கி, யார் வென்றாலும் 100-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்கலாம். பலகையில் மூன்று விலைகளும் பளிச்சென்று தெரிந்தன, இந்த 8.77 மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. எனக்கு உறுத்தியது இதுதான். இந்தப் பங்கை வெளிப்படையாக வைக்க யாருமே முயன்றதில்லையா?

முயன்றிருக்கிறார்கள். அந்தத் தடம் பாரிஸுக்குப் போகிறது. கத்தலோனியாவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஜோசப் ஒல்லேர் 1867-ல் பாரி முத்துவல் என்ற முறையைக் கொண்டுவந்தார். இதில் விலை போடுகிறவர் என்று யாரும் இல்லை. கட்டிய பணமெல்லாம் ஒரே தொகுப்பில் சேரும். நடத்துகிறவர் தன் கழிவை முதலிலேயே எடுத்துக்கொள்வார். மீதியை, ஜெயித்த குதிரை மேல் கட்டியவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். சட்டவிரோதச் சூதாட்டம் என்று 1874-ல் ஒல்லேருக்குப் பதினைந்து நாள் சிறைத்தண்டனை. 1891-ல் பிரெஞ்சு அரசே அவர் முறையைச் சட்டமாக்கியது. இடையில் 1889-ல் அவர் மூலான் ரூஜ் அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவராகவும் ஆகியிருந்தார்.

ஒரு கணக்கு: தொகுப்பில் 10,000 ரூபாய், கழிவு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 8,000. ஜெயித்த குதிரை மேல் 2,000 ரூபாய் கட்டப்பட்டிருந்தால் 10 ரூபாய் டிக்கெட்டுக்கு 40 கிடைக்கும். 500 ரூபாய்தான் கட்டப்பட்டிருந்தால் 160. இந்தத் தொகைக்கு டிவிடெண்ட் என்று பெயர். புக்கியிடம் கட்டிய நொடியில் விலை உறுதியாகிவிடும். இங்கே கவுன்டர் மூடும்வரை அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

அங்கேதான் சிக்கல். பல கவுன்டர்களில் ஒரே குதிரைக்கு ஒரே நொடியில் டிக்கெட் விற்றால் கூட்டலைத் தவறில்லாமல் எப்படிப் போடுவது? கையால் எழுதிய கணக்கில் பிழையும் புரட்டும் புகுந்தன.

விடை கண்டவர் ஜார்ஜ் ஜூலியஸ். இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்தில் படித்து, ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்த பொறியாளர். அப்பா கிறிஸ்துவ பிஷப். ஜூலியஸ் முதலில் வடிவமைத்தது வாக்கு எண்ணும் இயந்திரத்தை. அரசு அதை ஏற்கவில்லை. வாக்கைக் கூட்டும் இயந்திரம் டிக்கெட்டையும் கூட்டும் என்று அவர் அதை மாற்றி அமைத்தார். 1913-ல் ஆக்லாந்தின் எல்லர்ஸ்லி பந்தயத் திடலில் அது ஓடத் தொடங்கியது. மின்சாரம் கிடையாது. பியானோ கம்பிகள், சைக்கிள் சங்கிலிகள், கப்பிகள்; கீழிறங்கும் இரும்பு எடைகளே விசை. அதன் உயிர்நாடி கூட்டல் அச்சு. காரின் பின்அச்சில் உள்ள டிஃபரன்ஷியல் போல, ஒன்றையொன்று சுற்றிவரும் பற்சக்கரங்கள் இரண்டு சுழற்சிகளை ஒன்றாகக் கூட்டி அடுத்த அச்சுக்கு அனுப்பும். இரண்டு கவுன்டர்கள் ஒரே நொடியில் விற்றாலும் ஒரு டிக்கெட்கூட விடுபடாது. கூட்டம் தான் கட்டிய பணத்தின் கணக்கைத் தன் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. எண்களின் நேர்மைக்காக இவ்வளவு இரும்பை உழைக்கவைத்த அந்த மனிதர் மேல் எனக்குப் பெரும் மரியாதை. லண்டன் ஹாரிங்கே நாய்ப்பந்தய அரங்கில் 1930-ல் வைத்த ஜூலியஸ் இயந்திரம் 1987 வரை உழைத்தது.

நம்மூர் ரேஸ் பேச்சில் டோட் என்பது, டோட்டலைசேட்டர் எனப்படும் இந்தத் தொகுப்பு முறைதான். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் சட்டம் வந்தது. மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் குதிரைப் பந்தயத்துக்குப் பொருந்தாது என்றது. குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமையைச் சார்ந்தது என்பது அதன் முடிவு. அதே தீர்ப்பு, சென்னை கிண்டிப் பந்தயத் திடலில் அன்று பணம் கட்ட இருந்த இரண்டு வழிகளையும் விவரிக்கிறது. டோட்டில் எல்லாப் பணமும் சேர்ந்து, பந்தய வரியும் கிளப் கட்டணமும் கழிந்த பின்பே டிவிடெண்ட். புக்மேக்கரிடம் ஓர் அச்சிட்ட அட்டை. குதிரையின் பெயர், கட்டிய தொகை, ஜெயித்தால் கிடைக்கும் தொகை மூன்றும் அதில் இருக்கும். இந்தச் சொற்களைப் புதிதாகக் கற்க வருகிறவருக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது தீர்ப்பின் அந்தப் பகுதியைத்தான்.