விஷ் தேடிய நிரூபணம்

விட்டத்தின் நான்கு மடங்கை எடுத்து, அதில் மூன்றிலொரு பங்கைக் கழித்து, ஐந்திலொரு பங்கைக் கூட்டி, ஏழிலொரு பங்கைக் கழித்து, இப்படியே ஓயாமல் போனால் வட்டத்தின் சுற்றளவு வந்து சேரும். ஐரோப்பாவில் இந்தத் தொடர் 1670-களில் கிரிகோரி, லைப்னிட்ஸ் ஆகியோர் வழியாக அறியப்பட்டது. மலபார்க் கணிதர்களிடமும் இதே விதி புழங்குவதைக் கவனித்தவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் அதிகாரி சார்லஸ் விஷ்.

விதி உள்ளூரில் பிறந்ததே என்று நம்பி, சென்னை இலக்கியச் சங்கத்துக்கு அவர் எழுதி அனுப்பினார். ஹைன் என்பவர் அதை ஏற்கவில்லை. மேலும் விசாரிக்கச் சொன்னார். விதியைக் கையாண்டவர்களில் ஒருவராலும் அதை நிரூபிக்க முடியவில்லை. ஆகவே இது ஐரோப்பியரிடமிருந்து அண்மையில் வந்ததாகவே இருக்கும் என்று விஷ் பின்வாங்கினார். ஜான் வாரன் 1825-இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’த்தில் ஹைனின் குறிப்பு அச்சேறியது. இந்துக்களுக்கு இவ்வளவு வடிவியல் தெரியும் என்பதே நகைப்புக்குரியது என்கிறது அது. நிரூபிக்கத் தெரியாதவர்களுக்கு விதி சொந்தமாக இருக்க முடியாது என்பது விசித்திரமான வாதம். மடக்கை அட்டவணையை நம்பிக் கடலோடிய ஐரோப்பிய மாலுமிகளில் எத்தனை பேர் அதை நிரூபித்திருப்பார்கள்?

விஷ் மறுபடி ஏடுகளுக்குப் போனார். உரையோடு கூடிய தந்திரசங்கிரகம், கரணபத்ததி, கடத்தநாட்டு அரச குடும்பத்துச் சங்கரவர்மரின் சத்ரத்னமாலை ஆகியவற்றில் விதிகள் இருந்தன. சங்கரவர்மர் விஷ்ஷின் காலத்தவர். ‘பை’யின் மதிப்பை 17 தசம இடம் வரை எழுத்துகளில் பொதிந்து செய்யுளாக்கியவர். ஆனால் யாராலும் தர முடியாத அந்த நிரூபணம் இருந்தது நான்காவது ஏட்டில்: 16-ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாள உரைநடையில் எழுதிய யுக்திபாஷை.

அதன் வழி இது. வட்டத்தைச் சுற்றி ஒரு சதுரம். வட்டம் தொடும் புள்ளியிலிருந்து மூலை வரையுள்ள அரைப் பக்கத்தை மிக நுண்ணிய சம துண்டுகளாக்கி, ஒவ்வொரு வெட்டுப் புள்ளிக்கும் மையத்திலிருந்து கோடு இழுக்க வேண்டும். அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடைப்பட்ட வில்லின் நீளம் ஒரு வகுத்தலாக வரும்; அந்த வகுத்தல் முடிவிலித் தொடராக விரிக்கப்படும். எஞ்சுவது 1, 2, 3 என்னும் எண்களின் இரண்டாம், நான்காம், ஆறாம் அடுக்குகளின் கூட்டல். துண்டுகள் மிகப் பலவாகும்போது, வர்க்கங்களின் கூட்டுத்தொகை துண்டு எண்ணிக்கையின் கனத்தில் மூன்றிலொரு பங்கை நெருங்கும்; நான்காம் அடுக்குகளின் தொகை, ஐந்தாம் அடுக்கில் ஐந்திலொரு பங்கை. தொடரின் 3, 5, 7 வருவது இங்கிருந்துதான். இன்றைய பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் அடுக்குச் சார்பைத் தொகையிடும்போது பெறும் விடையும் இதுவே.

கோளத்தின் பரப்பையும் கன அளவையும்கூட ஜ்யேஷ்டதேவர் மெல்லிய பகுதிகளாக அறுத்துக் கூட்டியே பெறுகிறார். ஆனால் எந்த வளைகோட்டுக்கும் பொருந்தும் பொது முறை அங்கே இல்லை. தொகையிடலும் வகையிடலும் ஒன்றுக்கொன்று எதிர்ச்செயல் என்ற தேற்றமும் இல்லை. நியூட்டன், லைப்னிட்ஸ் பங்கு அது. தொடருக்கு உரியவர் சங்கமகிராமத்து மாதவர் (சுமார் 1340–1425) என்கிறது கேரளக் கணிதர் சங்கர வாரியர் எழுதிய உரை.

விஷ்ஷின் கட்டுரை 1832-இல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியில் வாசிக்கப்பட்டு, 1834-இல் அச்சானது. நிரூபணங்களைத் தனிக் கட்டுரையாகத் தருவதாக அதில் சொல்லியிருந்தார். ஆனால் கட்டுரை அச்சாகும் முன்பே, 1833-இல் கடப்பையில் இறந்துபோனார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஐரோப்பியக் கணித வரலாற்று நூல்கள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. 1944-இல் சென்னைக் கணிதர் சி. தி. ராஜகோபாலும் முகுந்த மாராரும் இந்த நிரூபணத்தை நவீனக் குறியீட்டில் விளக்கினர். யுக்திபாஷையின் கணிதப் பகுதி விளக்கக் குறிப்புகளோடு 1948-இல் திருச்சூரில் வெளிவந்தது.