தண்டியடிகள் கட்டியது கயிறா, வயிறா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து, தூக்கம் வராம உட்கார்ந்து எழுதுறேன். எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவன்தான், பிழை இருந்தா பொறுத்துக்குங்க. விஷயம் நம்ம சமய வகுப்பு நோட்ஸ் பத்தினது.

2020 மார்ச் 18-ல நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கோயில் கதவைச் சாத்தினப்போ, அறுபத்து மூவர் வகுப்பை இயங்கலைக்கு மாத்தினோம். கட்டுப்பாடு போன பிறகும் அது அப்படியே நின்னுருச்சு. பாதிப் பேருக்கு ஷிப்ட் வேலை, மீதிப் பேர் தூரத்துல இருக்காங்க. ஞாயிறு ராத்திரி ஜூம்ல ஆசிரியர் ஒரு நாயன்மார் சரித்திரம் சொல்வார். மறுநாள் நான் நோட்ஸும் புதிர் கேள்வியும் வாட்சப் குழுவுல போடுவேன். நோட்ஸ் வேலை முழுக்க என்னோடது.

எப்படிப் போட்டேன்னு சொன்னாத்தான் கதை புரியும். ஆசிரியரோட பழைய தட்டச்சுப் பக்கங்களை போன்ல படம் பிடிப்பேன். இல்லேன்னா கன்வாவுல கோபுரப் படத்தைப் பின்னால வச்சு, மேல மஞ்சள்ல எழுத்து, முக்கியமானதுக்கு சிவப்பு, ஓரத்துல மாவிலைத் தோரணம். பார்க்க அம்சமா இருக்கும். குழுவுல கைகூப்பின படமா வந்து விழும். எனக்கும் பெருமைதான், இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு சாம்பார் வைக்கிற அக்காவை உங்க எல்லாருக்கும் தெரியும். எஸ்டேட்ல பிறந்து, தமிழ்ப்பள்ளியில ஆறாம் ஆண்டு வரைக்கும் படிச்சு, பால் மரம் சீவினவங்க. அந்தக் காலத்துல லயத்துல இருந்தவங்களுக்கு நாளிதழை சத்தமா படிச்சுக் காட்டினதே இவங்கதானாம். வகுப்புல முதல் ஆளா சேர்ந்தாங்க. ஆனா மூணு வாரமா புதிருக்கு பதில் அனுப்பலை.

பேக்டரியில பலகையில எழுதிப் போடுவோம், எந்த லைன் டார்கெட் அடிச்சது, எது அடிக்கலைன்னு. அந்தப் பழக்கதோஷம். குழுவுல ஒரு பட்டியல் போட்டேன்: ‘கீழ்க்கண்டவர்கள் இன்னும் பதில் அனுப்பவில்லை.’ ஆறு பேரு. அதுல அக்கா பேரு ரெண்டாவது. மறுநாள் காலையில பார்த்தா அக்கா குழுவை விட்டு வெளியே போயிருந்தாங்க.

வெள்ளிக்கிழமை சமையல் கட்டுல போய், “என்னக்கா, கோவமா?” ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டேன். வெங்காயத்தை நறுக்கிக்கிட்டே, என் முகத்தைப் பார்க்காம சொன்னாங்க: “தம்பி, ரெண்டு வருஷமா இனிப்பு நீரு கண்ணுல இறங்கிருச்சு. லேசர் போட்டாச்சு. ஆளு தெரியுது, எழுத்து தெரியலை. நீ போடுறது எனக்கு கலர் கலரா ஏதோ துணி காயப் போட்ட மாதிரி இருக்கு.”

வெங்காயம் கையளவு பழக்கத்துல நறுக்குறாங்கன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சது. எத்தனை வெள்ளிக்கிழமை பக்கத்துல நின்னு பசியாறியிருக்கேன்!

வீட்டுல பேரன் இருக்கானே, படிச்சுச் சொல்லச் சொல்லலாமேன்னு கேட்டேன். பேரன் மலாய்ப் பள்ளியில படிக்கிறான், தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டத் தெரியாது. மருமகள் படிச்சுக் காட்டுவாங்களாம், ஆனா வேலை முடிஞ்சு களைச்சு வர்ற பிள்ளையை உட்கார வச்சு படின்னு சொல்றது இவங்களுக்குப் பிடிக்கலை. “ஒரு தடவை கேட்டா மறந்து போகுது தம்பி. மறுபடி படின்னு எத்தனை தடவை கேக்குறது? யாசகம் கேக்குற மாதிரி இருக்கு.”

அன்னைக்கு ராத்திரி தூங்கலை. பேக்டரியில ஆபரேட்டர் ஒரே தப்பை திரும்பத் திரும்பச் செஞ்சா, முதல்ல ஆளைத் திட்டக்கூடாது, சுவர்ல தொங்குற வேலைக் குறிப்பை எடுத்துப் பார்க்கணும்னு புதுசா வர்ற லைன் லீடருக்கு நானே பாடம் நடத்துறவன். கோயில்ல வந்து நான் ஆளோட பேரைத்தான் முதல்ல பலகையில எழுதியிருக்கேன்.

என் மகள்தான் சொன்னா, போனே படிச்சுக் காட்டும்ப்பான்னு. ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ் உள்ளே அக்செசிபிலிட்டின்னு ஒரு பகுதி இருக்கு. அதுல டாக்பேக்னு ஒண்ணு, பார்வை இல்லாதவங்களுக்காக போன் முழுசையும் வாய்விட்டுச் சொல்றது. செலக்ட் டு ஸ்பீக்னு இன்னொண்ணு, நாம தொடுற பகுதியை மட்டும் படிக்கிறது. தமிழ்க் குரலும் அதுல இருக்கு, காசு கிடையாது.

ஆர்வக்கோளாறுல என் போன்ல டாக்பேக்கைப் போட்டுட்டு பட்ட பாடு தனிக்கதை. போட்ட உடனே தொடுற முறையே மாறிருது. ஒரு தடவை தொட்டா பேரைச் சொல்லும், ரெண்டு தடவை தட்டினாத்தான் திறக்கும், நகர்த்துறதுக்கு ரெண்டு விரல் வேணும். தெரியாம கால் மணி நேரம் போனோட மல்லுக்கட்டினேன். மகள் சிரிச்சே ஓய்ஞ்சு போனா. நீங்க யாராவது முயற்சி பண்ணினா, முதல்ல அதை எப்படி நிறுத்துறதுன்னு கத்துக்கிட்டு அப்புறம் போடுங்க.

சரி, குரல் வந்துருச்சு. நம்ம நோட்ஸைத் திறந்தேன். என்ன படிச்சதுன்னு நினைக்கிறீங்க? ஒண்ணுமே படிக்கலை. ‘படம்’ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். கோபுரம், தோரணம், மஞ்சள் எழுத்து எல்லாம் சேர்ந்து அதுக்கு வெறும் படம். கண்ணுக்குத்தான் அது எழுத்து. நான் ராத்திரி கண் முழிச்சு அலங்காரம் பண்ணினது எல்லாம் ஊமை.

ஆசிரியர்கிட்ட கணினியில பழைய கோப்புகள் இருந்துச்சு. அதையாவது படிக்க வைப்போம்னு போட்டா, வாய்க்கு வந்ததை உளறுது, நடுவுல ஆங்கில எழுத்தா சொல்லுது. விசாரிச்சப்போதான் புரிஞ்சது. யுனிகோடு பரவுறதுக்கு முன்னால வந்த பழைய எழுத்துருக்கள்ல, திரையில தமிழ் மாதிரி தெரியுமே தவிர, கணினி உள்ளே வச்சிருக்கிறது ஆங்கில எழுத்துக்கும் குறிக்கும் உரிய எண்கள். ‘அ’ங்கிற உருவத்துக்குப் பின்னால வேற ஏதோ எழுத்து ஒளிஞ்சிருக்கும். வாசிக்கிற எந்திரம் உருவத்தைப் பார்க்காது, உள்ளே இருக்கிறதைத்தான் வாசிக்கும். இதை யுனிகோடுக்கு மாத்துற எழுத்துரு மாற்றிகள் இருக்கு. மாத்தினதும் அதே கோப்பு தெளிவா பேசுது.

படமா இருக்கிற பக்கங்களுக்கு வேற வழி. கூகுள் டிரைவ்ல படத்தை ஏத்தி, கூகுள் டாக்ஸ் மூலமா திறந்தா, படத்துல இருக்கிற எழுத்தைப் பிரிச்சு, திருத்தக்கூடிய எழுத்தா கீழே கொடுக்குது. தமிழுக்கும் கொடுக்குது. ஆனா பிழை வரும். புள்ளி விட்டுப் போகும், ஒரு எழுத்து இன்னொண்ணா மாறும்.

முதல்ல மாத்தினது தண்டியடிகள் நாயனார் சரித்திரம். வேணும்னே அதை எடுக்கலை, அந்த வாரம் அதுதான் பாடம். ஆசிரியர்கிட்ட கேட்டு, அக்காவை மறுபடி குழுவுல சேர்த்து, வீட்டுக்குப் போய் அவங்க போன்ல செலக்ட் டு ஸ்பீக் போட்டுக் கொடுத்துட்டு வந்தேன். பேரன் ஒரே நாள்ல பழகிட்டான், பாட்டிக்கு அவன்தான் வாத்தியார். பட்டியல் போட்டதுக்கு மன்னிப்பும் கேட்டேன். “சரி விடு, தேத்தண்ணி குடி” ன்னாங்க.

ரெண்டு நாள் கழிச்சு காலையில ஆறு மணிக்கு போன். “தம்பி, தண்டியடிகளுக்கு பிறவியிலேயே கண்ணு தெரியாதுன்னு சொல்லுது, சரி. திருவாரூர்க் குளத்தைத் தோண்டினாருன்னு சொல்லுது, அதுவும் சரி. குளத்துக்குள்ள ஒரு கம்பு, கரையில ஒரு கம்பு நட்டு, நடுவுல வயிறு கட்டினாருன்னு சொல்லுதே. யாரு வயிறு?”

எனக்கு அரைத் தூக்கம். நோட்ஸை எடுத்துப் பார்க்குறேன். ‘கயிறு’ங்கிறது ‘வயிறு’ ஆகியிருக்கு! நான் ரெண்டு தடவை கண்ணால படிச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டேன். கண்ணு அது பாட்டுக்கு கயிறுன்னே படிச்சுட்டுப் போயிருக்கு. ஆசிரியரும் பார்க்கலை, குழுவுல மத்த யாரும் கவனிக்கலை. கேட்ட ஒரு ஆளுதான் கண்டுபிடிச்சாங்க.

நான் சரியான கதையைச் சொன்னேன். அந்தக் கயிற்றைத் தடவிக்கிட்டே குளத்துல இறங்கி, மண்ணைக் கூடையில சுமந்து, கயிற்றைத் தடவிக்கிட்டே கரை ஏறினாரு. கேலி பண்ணினவங்க மண்வெட்டியையும் கூடையையும் பிடுங்கிக்கிட்டாங்க. அப்புறம் ஆரூரன் அருளால கண்ணும் கிடைச்சது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கட் ஆகிருச்சோன்னு பார்த்தேன். அப்புறம், “கயித்தையும் பிடுங்கினாங்களா?” ன்னு கேட்டாங்க. ஆசிரியரைக் கேட்டுச் சொல்றேன்னு வச்சேன்.

அதுல இருந்து ஒரு பழக்கம். எதையும் குழுவுல போடுறதுக்கு முன்னால கணினியில எட்ஜ் உலாவியில திறந்து, ‘ரீட் அலவுட்’ போட்டு காதால கேட்டுட்டுத்தான் போடுறேன். அதுல தமிழுக்குன்னு பல குரல் இருக்கு. இந்தியா, இலங்கை மட்டும் இல்லை, மலேசியாவுக்கே கனி, சூர்யான்னு ரெண்டு, சிங்கப்பூருக்கு வெண்பா, அன்புன்னு ரெண்டு. எனக்கு கனிதான் தோது.

கேட்கக் கேட்க என் குறையெல்லாம் வெளியே வந்துச்சு. வரிசையா ஆறு கைகூப்பின படம் போடுவேன் இல்லையா, அதை ஒவ்வொண்ணா பேர் சொல்லிக்கிட்டே போகுது, கேக்குறவங்களுக்கு எரிச்சல். நட்சத்திரக் குறியால கோடு இழுத்தா அதையும் எண்ணுது. ‘சிவப்பில் உள்ளதை மனப்பாடம் செய்க’ன்னு எழுதினா, சிவப்பு எதுன்னு குரலுக்குத் தெரியாது. இப்ப ‘முக்கியம்’னு வார்த்தையிலேயே எழுதிடுறேன். தலைப்பை வெறுமனே பெரிய எழுத்தாக்காம, டாக்ஸ்ல ‘ஹெடிங்’னு கொடுத்து வைக்கிறேன். அப்படி வச்சா டாக்பேக் பயன்படுத்துறவங்க ஒரு தலைப்புல இருந்து அடுத்த தலைப்புக்குத் தாவலாம், முதல்ல இருந்து முழுசா கேட்டுக்கிட்டு இருக்க வேண்டியதில்லை. படம் போட்டா, அதுல என்ன இருக்குன்னு ஒரு வரி சேர்க்குறேன்.

ஒரு எதிர்ப்பும் வந்துச்சு, அதையும் சொல்லணும். நிர்வாகத்துல ஒரு பெரியவர், “தேவாரத்தை எந்திரம் படிக்கிறதா? பண் எங்க, பக்தி எங்க?” ன்னு கோவிச்சுக்கிட்டார். முதல்ல எனக்கு வருத்தம். அப்புறம் ஒரு பதிகத்தைப் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னது நியாயம்தான். சீர் பிரிச்சு அச்சடிச்ச பாட்டை அது உரைநடை மாதிரி தட்டையா வாசிக்குது, வரி முடியிற இடத்துல எல்லாம் நின்னு நின்னு போகுது. தமிழ்ல ஒரே ‘க’ எழுத்தை இடத்துக்கு ஏத்த மாதிரி நாம மாத்தி உச்சரிப்போம், எந்திரம் சில இடத்துல தப்பா யூகிக்குது. சரித்திரத்துல அது பெரிசாத் தெரியாது, மந்திரத்திலயும் பாட்டுலயும் உறுத்துது.

அதனால இப்படி முடிவாச்சு: சரித்திரம், விளக்கம், புதிர் எல்லாம் எழுத்தா இருக்கும், போன் வாசிக்கட்டும். பதிகம் மட்டும் நம்ம ஓதுவார் பாடி, தனி ஒலிப்பதிவா அதே கோப்புல இணைப்பு. பெரியவரும் ஒத்துக்கிட்டார். ஒத்துக்கிட்டதோட இல்லை, அவருக்கும் கண்புரை இருக்கு, நோட்ஸை அவரும் கேக்குறாருன்னு அவர் வீட்டம்மா சொன்னாங்க. நான் சொன்னதா சொல்லிடாதீங்க.

நான் அக்கா ஒருத்தருக்காகன்னு நினைச்சுத்தான் செஞ்சேன். பார்த்தா, தமிழ் பேசத் தெரிஞ்சு படிக்கத் தெரியாத பசங்க எத்தனை பேரு நம்ம கோயில்லயே! அந்தப் பேரன் இப்ப பாட்டியோட சேர்ந்து கேட்டு, குரல் போகப் போக எழுத்தை விரலால தொடர்றானாம். கொஞ்சம் கொஞ்சமா எழுத்துக் கூட்டுறான். லோரி ஓட்டுற ஒரு அன்பர் வண்டி எடுக்கிறதுக்கு முன்னாலயே பாடத்தை ஓட விட்டுட்டு, பினாங்கு பாலம் தாண்டுறதுக்குள்ள ஒரு நாயன்மாரை முடிச்சுடுறேன்கிறார்.

இன்னும் முப்பதுக்கு மேல பழைய பாடம் படமாவே கிடக்கு. ஒரு பாடத்தை மாத்தி, கேட்டு, திருத்த எனக்கு ரெண்டு மணி நேரம் ஆகுது. வாரம் ஒண்ணுதான் முடியுது. தட்டச்சு தெரிஞ்ச இளைஞர்கள் நாலு பேர் வந்தா தைப்பூசத்துக்குள்ள முடிச்சுடலாம். மாத்தினதைக் கடைசியா சரிபார்க்கிற பொறுப்பு சாம்பார் அக்காவோடது. அவங்க கேட்டு ‘சரி’ன்னு சொன்னாத்தான் குழுவுல போகும். போன வாரம் என்னோடதுல நாலு பிழை பிடிச்சாங்க.

வீட்டுல பார்வை மங்கின பெரியவங்க, எழுத்துப் படிக்க வராத பிள்ளைங்க இருந்தா, வர்ற ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும் மண்டபத்துக்கு அழைச்சுக்கிட்டு வாங்க. நானும் மகளும் இருப்போம், போன்ல குரலை அமைச்சுக் கொடுக்குறோம். ஐபோன்லயும் வசதி இருக்கு, அதை மகள் பார்த்துக்குவா. போனை சார்ஜ் பண்ணிக் கொண்டு வாங்க, பாஸ்வேர்டு ஞாபகம் வச்சுக்குங்க.

அக்கா கேட்ட கேள்விக்கு ஆசிரியர் பதில் சொல்லிட்டார். ஆமா, கயிற்றையும்தான் பிடுங்கினாங்களாம்.

சிவாய நம.