முதல் குரோனோகிராப்

பட்டம் முடிஞ்சதும் நல்லதொரு குரோனோகிராப் மணிக்கூடு வாங்கித்தாறன் எண்டு கனடா மாமா சொன்ன நாளில இருந்து, அக்காவும் தங்கச்சியுமாய் நாங்கள் ஒமேகாவா டிசோவா எண்டு மண்டையை உடைக்கிறம்.

ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 1969 இல் நிலவுக்குப் போனது. பற்றரி இல்லை, கையால் சாவி கொடுக்க வேணும். ஆசைதான். டிசோ குரோனோகிராப்பின் விலையோ அதில் பாதிகூட வராது. மிச்சக் காசு மாமாவின் எத்தனை இரவு வேலை!

"நேரம் பார்க்க போன் இருக்கே பிள்ளையள்?" எண்டு அம்மா கேட்டா. குரோனோகிராப்பின் வேலை அது மட்டுமில்லை. பொத்தானை அழுத்தினால் தொடங்கும், திரும்ப அழுத்தினால் நிற்கும். இடையில் எவ்வளவு நேரம் போனது என்று சொல்லும்.

வன்னியில் இந்த வித்தியாசம் பெரிசு. 1996 இல் அரசாங்கம் நேரத்தை முன்தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்திலேயே இருந்தது. 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகும், வவுனியாவிலிருந்து ஓமந்தையைத் தாண்டினால் மணிக்கூட்டில் அரை மணித்தியாலம் குறைக்க வேணும். 2006 இல்தான் கொழும்பு பழைய நேரத்துக்குத் திரும்பியது. அதுவரை மணி எத்தனை என்பதற்கு இரண்டு பதில். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வர எவ்வளவு நேரம் எடுத்தது என்பதற்கு மட்டும் எப்பவும் ஒரே பதில்தான்.

அந்த ஒரு பதிலை டிசோவும் சரியாகச் சொல்லும். அதையே மாமாவிடம் கேட்டிட்டம். நீங்களும் வாங்கினால் பேரைப் பார்க்க முன்னம் சின்ன வட்டங்களை வாசிக்க முடியுதா, சேர்விஸ் செலவு தாங்குமா எண்டு பாருங்கோ.